உயிலில் பள்ளிக்கு ஒரு பங்கு

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, படையிலோ வெளியிலோ உழைத்து ஓய்ந்து, இப்போது உயில் எழுத உட்கார்ந்திருக்கும் தம்பிகளே! பள்ளிக்கும் ஏதாவது எழுதிவைக்க வேண்டும் என்கிறீர்கள். கேட்கவே நிறைவாக இருக்கிறது. உங்களுக்கு மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தை சொல்கிறேன். 2021-க்குப் பிறகு பள்ளிக்குள் வந்த தங்கைகளுக்கும் ஒருநாள் இது உதவும்.

1. முதலில் வீட்டைப் பாருங்கள். உங்களுக்குப் பின் மனைவி இருக்க ஓர் இடம், மருந்துச் செலவுக்கு ஒரு தொகை. அதை ஒதுக்கிய பிறகே பள்ளி. குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுத முடியாது. விதிப்படி யாருக்கு உரியதோ அவருக்கே அது போகும்.

2. யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ‘நான் படித்த பள்ளிக்கு’ என்று மட்டும் எழுதினால் நாளை அதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். 1962-இல் தொடங்கிய நம் பள்ளி, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைனிக் பள்ளிகள் சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. பழைய மாணவர் சங்கம் வேறு, பள்ளி வேறு. இரண்டில் எதற்கு என்பதை முடிவு செய்யுங்கள். பள்ளிக்குத்தான் என்றால் முதல்வருக்கு ஒரு கடிதம் போட்டு, நன்கொடையை எந்தப் பெயரில் ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கி, அதே பெயரை ஊர், வட்டம், மாவட்டத்தோடு உயிலில் எழுதுங்கள்.

3. நோக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள். வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1961-இல் சைனிக் பள்ளிகள் பிறந்தன. பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளே போய்க்கொண்டிருந்த படை அதிகாரி வரிசைக்குச் சாதாரண வீட்டுப் பிள்ளையும் போகவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே நுழைவுத்தேர்வில் தேறியும் விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு உங்கள் பணம் போகட்டும். பெயர் பொறித்த வளைவு வேண்டாம் என்பது என் கருத்து. அதே சமயம், ‘ஆறாம் வகுப்பில் கணக்கில் முதலிடம் பெறும், இன்ன ஊரைச் சேர்ந்த மாணவனுக்கு’ என்று குறுக்கினால், அப்படியொருவன் வராத ஆண்டில் பணம் முடங்கிவிடும். கூடவே இப்படி ஒரு வரி சேருங்கள்: ‘இந்நோக்கத்தை நிறைவேற்ற இயலாமற்போனால், மாணவர் நலனுக்கான வேறு செலவுக்குப் பள்ளி நிர்வாகம் இத்தொகையைப் பயன்படுத்தலாம்.’ அந்த ஒரு வரி பல வழக்குகளைத் தவிர்க்கும்.

4. தொகையைவிடப் பங்கு நல்லது. இன்று எழுதும் இரண்டு லட்சம் இருபது ஆண்டு கழித்து என்ன பெறும்? கடனும் செலவும் போக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதுங்கள். ஊரில் உள்ள நிலத்தை அப்படியே பள்ளியின் தலையில் கட்டாதீர்கள். பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில் என்று கிடந்தால் பள்ளி கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். உயிலை நடைமுறைப்படுத்த நீங்கள் நியமிக்கும் நிறைவேற்றுநர் நிலத்தை விற்றுப் பணமாகக் கொடுக்கட்டும்.

5. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி உயிலில் இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே என் யோசனை. பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கும்படி பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திடுங்கள். இஸ்லாமியத் தம்பிகள் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலில் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. அதற்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

6. வங்கி வைப்பில் நாமினியாக ஒருவர் பெயர் இருப்பதாலேயே பணம் அவருடையதாகிவிடாது. உரியவருக்காக வாங்கி வைத்திருப்பவர்தான் அவர். இது தெரியாமல்தான் பல வீடுகளில் சண்டை. உயிலில் அந்தக் கணக்கையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

7. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லுங்கள். ஒருமுறை அவர்களை உடுமலைப்பேட்டைக்கு அழைத்துப் போய், அமராவதி அணைக்குப் பக்கத்திலுள்ள பள்ளி வளாகத்தையும், விடுதியையும், பன்னிரண்டு வயதில் நீங்கள் ஓடிய மைதானத்தையும் காட்டுங்கள். உயிலின் மூலப்பிரதி எந்த அலமாரியில் இருக்கிறது, நிறைவேற்றுநர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.