செம்பருத்தித் தொட்டியில் டீத்தூள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மொட்டைமாடியில் வாடி நிற்கும் செம்பருத்தித் தொட்டியின் மேல்மண்ணை விரலால் கிளறினால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மேலே அரை அங்குலத்துக்கு டீத்தூள் காய்ந்து அடையாகப் படிந்திருக்கும். அதில் முட்டை ஓட்டுச் சில்லுகள் குத்திட்டு நிற்கும். கறுத்துச் சுருண்ட வாழைப்பழத் தோல் ஒன்று ஓரமாகக் கிடக்கும். அந்த அடையைப் பெயர்த்தெடுத்தால் கீழே மண் புழுதியாக இருக்கும். காலையில் ஊற்றிய தண்ணீர் அடையின் மேல் ஓடி, தொட்டியின் விளிம்போரமாக இறங்கி, அடித்துளை வழியே தரைக்குப் போயிருக்கும். வேருக்கு ஒரு சொட்டும் கிடைத்திருக்காது.

இவ்வளவும் பாசத்தால் நடக்கிறது என்பதுதான் வருத்தம். செம்பருத்தி தலைக்கு எண்ணெய் காய்ச்சவும், சீயக்காயோடு அரைக்கவும், தேநீராகக் குடிக்கவும், அம்மனுக்குச் சாத்தவும் பறிக்கிற பூ. அதற்கு ரசாயனம் வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பது முற்றிலும் நியாயம். ஆனால் இயற்கை உரம் என்பது கையில் கிடைத்ததையெல்லாம் தொட்டியில் போடுவது என்றாகிவிட்டது. நிலத்தில் நிற்கும் செடி வேரை நாலு பக்கமும் ஓட்டித் தப்பித்துக்கொள்ளும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் இருக்கும் செடிக்குப் போக்கிடம் இல்லை.

“சமையலறைக் கழிவு எல்லாமே உரம்தான்” என்பது முதல் நம்பிக்கை. மக்கிய பிறகுதான் அது உரம். டீத்தூளில் தழைச்சத்து இருப்பது உண்மை. ஆனால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கரையும் உருவத்துக்குக் கொண்டுவந்தால்தான் வேரால் உறிஞ்ச முடியும். மண்ணின் மேல் காய்ந்து கிடக்கும் அடையில் அந்த வேலை நடப்பதே இல்லை. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்த தூளானால் எறும்பும் வந்துவிடும். காபித் தூள் மண்ணுக்குப் புளிப்பைத் தரும் என்பார்கள். அந்த அமிலத்தின் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கிவிடுகிறது. வடிகட்டியில் மிஞ்சும் சக்கை ஏறக்குறைய நடுநிலையானது.

வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. சாம்பல்சத்து நீரில் கரையக்கூடியது, ஆகவே அதில் ஓரளவு இறங்கத்தான் செய்யும். மற்ற சத்துகள் தோலிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு தோலை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊற்றுவதைவிட, அதே தோலை நறுக்கிக் காய்ந்த இலையோடு மக்க வைத்தால் அதிலுள்ளதில் பெரும்பகுதி செடிக்கு வந்து சேரும். டீத்தூள், காய்கறித் தோல், வெங்காயச் சருகு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மூடியுள்ள ஒரு வாளி, பக்கவாட்டில் சில துளைகள், ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, மேலே ஒரு கை பழைய மக்கு போதும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். அந்த வாசனை வந்தால்தான் அது தயார்.

முட்டை ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அதில் சுமார் 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். அமில மண்ணில் அது மெல்லக் கரையும். தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலும் தொட்டிக்குப் போவது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதிலேயே சுண்ணாம்பு வேண்டிய மட்டும் வருகிறது. தொட்டியின் வெளிப்புறம் பூத்திருக்கும் வெள்ளை உப்புப் படலமே அதற்குச் சாட்சி. செம்பருத்திக்கு வேண்டியதோ லேசான அமிலத் தன்மையுள்ள மண். மண் காரமாகிவிட்டால் அதில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். அந்தச் செடிக்கு மேலும் ஓட்டுத்தூளும் அடுப்புச் சாம்பலும் போடுவது நோயை வளர்க்கிற வைத்தியம். சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, காரமும் சேர்ந்தே உண்டு.

காரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தச் செடியின் பூவே காட்டும். சிவப்பு இதழ்களை வெந்நீரில் போட்டு வடித்த சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் பச்சையாகும். பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் சோதனைதான், குழந்தைகளோடு ஒரு மாலையில் செய்து பார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு நம்பிக்கை சமீபத்தில் பரவியிருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்தக் குழாயில் வருவது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த நீர். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். தொட்டியில் மாதக்கணக்கில் ஊற்றினால் இலை நுனி கருகும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் இதற்கு நேர்மாறு, அதில் உப்பு அநேகமாக இல்லை. எல்லாவற்றையும்விட மழைநீர் மேல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, யாரும் எதுவும் போடாத செடி பளிச்சென்று பச்சை பிடிப்பதற்கு ஒரு காரணம், தேங்கிய உப்பை மழை கழுவிக்கொண்டு போவது. மழை இல்லாத மாதங்களில் ஒருநாள், அடித்துளையில் தாராளமாக வடியும் வரை நல்ல தண்ணீரை ஊற்றினால் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

“இயற்கை உரம் அதிகமானால் ஒன்றும் ஆகாது.” இந்த ஒரு வாக்கியத்தால் பட்டுப்போன செடிகள் நிறைய. மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவில்தான். மண்புழு உரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு. வேப்பம் புண்ணாக்கில் ஐந்து, கடலைப் புண்ணாக்கில் ஏழு விழுக்காட்டுக்கும் மேல். அதாவது 100 கிராம் கடலைப் புண்ணாக்கு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தொழுவுரத்துக்குச் சமம். அதை உதிர்த்து அப்படியே தொட்டியில் போட்டால் ஈரம் பட்டுப் புளிக்கும், சூடேறும், நாறும். எலியும் தேடி வரும். மெல்லிய உறிஞ்சுவேர்கள் கருகிவிடும். செடி தப்பித்தாலும் கொழுகொழுவென்று இலையாக விட்டு, பூவை மறந்து, நுனியெல்லாம் அசுவினி மொய்த்து நிற்கும். புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றுவதுதான் முறை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொட்டிக்கு ஒரு குவளை போதும்.

பஞ்சகவ்யமும் அப்படியே. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அதை உழவர்களிடம் கொண்டுசேர்த்தவர். வேளாண்மையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு மூன்று விழுக்காடு, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நீர் கலக்காமல் ஊற்றினால் கூடுதலாகப் பூக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எலும்புத் தூள் போட்டால் பூத்துக் குலுங்கும் என்பது ரோஜாவிடமிருந்து செம்பருத்திக்குத் தாவிய நம்பிக்கை. எலும்புத் தூளின் பலமே மணிச்சத்துதான். செம்பருத்திக்கு மணிச்சத்து குறைவாகவும் சாம்பல்சத்து கூடுதலாகவும் வேண்டும். மணிச்சத்து மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் கிடைப்பது தடைப்படும். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று போட்டாலே அதன் மணிச்சத்துத் தேவை தீர்ந்துவிடும்.

மொட்டு உதிர்ந்தால் உடனே உரப் பையைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது உதிர்ந்த மொட்டை. மஞ்சளடித்து விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் நீளவாக்கில் பிளந்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கலாம். உள்ளே இதழ்மடிப்புகளுக்கிடையில், அரிசிக் குறுநொய்யைவிடச் சிறியதாக, வெளிறிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மல்லிகைத் தோட்டக்காரர்களை அழவைக்கும் அதே ஈதான். இந்தப் புழு மொட்டைவிட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே விழுந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் பாதி வைத்தியம். அவற்றை மக்கு வாளியில் போடக் கூடாது. மேல்மண்ணைக் கொத்திவிட்டு வேப்பம் புண்ணாக்கு தூவலாம்.

புழு இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மொட்டு நிற்காது. சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைக் கையால் தொட்டால் சுடும், உள்ளே வேரும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. தொட்டிக்கு வெளியே ஒரு பழைய சாக்கைச் சுற்றி, மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினாலே நிலைமை மாறும். ஒரே நாளில் பூ வாடிவிடுகிறது என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான செம்பருத்திக்கு இயல்பான ஆயுள் ஒரு பகல்தான், அதற்கு உரம் பொறுப்பில்லை. பறித்த பூ தண்ணீர் இல்லாமலே மாலைவரை விரிந்திருக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பதும் தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நனைந்து ஊறிய பிறகே சொட்டும். ஜல்லி போட்டால் அந்த ஊறல் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையை அடைக்காமல் ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

மாவுப்பூச்சிக்கு வருவோம். தண்டு கணுக்களில் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிந்ததும் எறும்பின் மேல் பழி விழுகிறது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. வந்தபின் பூச்சியைக் காவல் காக்கிறது, தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பைத் தடுப்பதும் தேவைதான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை தெளிக்கலாம். பக்கத்துத் தொட்டியில் வெண்டை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் செம்பருத்தியின் உறவுக்காரர்கள், பூச்சிகளும் பொதுச் சொத்து.

கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் கொல்வது ஏன் கூடாது என்பதற்குக் கோவையிலேயே சான்று இருக்கிறது. 2008-இல் அங்கே பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, செம்பருத்தியிலும் குடியேறியது. மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ‘அசிரோஃபேகஸ் பப்பாயே’ என்ற நுண்ணிய குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் வயல்களில் விட்டன. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் அந்தக் குளவிதான் அதை அடக்கியது. கடுமையான மருந்து தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகள்தான்.

கடைசியாக, கத்திரி. “பூக்கிற செடியை வெட்டக் கூடாது” என்று பாட்டிகள் தடுப்பார்கள். செம்பருத்தி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை நீட்டிக்கொண்டே போகவிட்டால் உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு பூ, கீழே வெறும் குச்சி என்றாகிவிடும். தை, மாசியில் பனி விலகி, கடும் வெயில் தொடங்கும் முன் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அப்போதே தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. வேர் தொட்டியின் உருவத்திலேயே பின்னிக் கெட்டியாக இருந்தால், ஓரத்தைச் சீவிவிட்டுத் தோட்டமண், மக்கிய உரம், நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு கலந்து புதிதாக நடலாம். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், சத்து தராது. கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பே கெடுதல்.

வெட்டிய குச்சிகளைத் தூக்கியெறிய வேண்டாம். பென்சில் பருமனில், ஆறு அங்குல நீளத்தில் நறுக்கி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். எதிர்வீட்டுக்கு ஒன்று, ஊருக்குப் போகும்போது தங்கச்சி வீட்டுக்கு ஒன்று.