ஒற்றையாட்சியும் அதிகாரப் பரவலும்

அறிவியல் மாணவனுக்கு ஆட்சிமுறை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. ஆளப்படுவோர் அனைவரும் அறியவேண்டிய பாடம் அது.

கூட்டாட்சியில் மாநிலங்களின் அதிகாரம் அரசியலமைப்பிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். ஒற்றையாட்சியிலோ இறைமை முழுவதும் மைய அரசிடமே இருக்கும். வட்டாரங்கள் பெறுவது அது பகிர்ந்தளிப்பதையே. இதற்குப் பிரான்சு நல்ல எடுத்துக்காட்டு.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அந்நாட்டில் மாகாணத்திற்கு மாகாணம் சட்டமும் வரியும் வேறுபட்டன. புரட்சி அரசு பழைய மாகாணங்களை நீக்கி, 1790இல் நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தது. 1800இல் நெப்போலியன் மாவட்டந்தோறும் 'பிரிபெக்ட்' என்னும் அதிகாரியை அமர்த்தினார். பாரிசின் ஆணையை நிறைவேற்றுபவர் அவரே. உள்ளாட்சி மன்றங்களின் முக்கிய முடிவுகள் பலவற்றுக்கு அவர் ஒப்புதல் வேண்டியிருந்தது.

1982 மார்ச் 2ஆம் நாள் சட்டம் இந்நிலையை மாற்றியது. மாவட்ட மன்றத்தின் நிர்வாகப் பொறுப்பு, மக்கள் பிரதிநிதிகளுள் ஒருவரான மன்றத் தலைவரிடம் வந்தது. பிரிபெக்ட் பதவி ஒழியவில்லை. ஆனால் மன்றத்தின் முடிவு சட்டத்திற்கு முரணானது என்று கருதினால், அவர் நிர்வாக நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

பள்ளிகளைப் பாருங்கள். தொடக்கப்பள்ளிக் கட்டடம் 'கம்யூன்' எனும் ஊராட்சியின் பொறுப்பு. நடுநிலைப்பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. மேல்நிலைப்பள்ளி மண்டலத்தின் பொறுப்பு. பாடத்திட்டமும் அரசுப்பள்ளி ஆசிரியர் ஊதியமும் மைய அரசைச் சார்ந்தவை.

2003இல் அரசியலமைப்பின் முதல் விதியிலேயே குடியரசின் அமைப்பு அதிகாரப் பரவல் கொண்டது என்று சேர்த்தனர். எனினும், ஐரோப்பியப் பகுதியிலிருந்த 22 மண்டலங்களைப் பாராளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றினால் 2016 முதல் 13 ஆகக் குறைத்தது. அல்சாஸ் மக்களின் எதிர்ப்பு அதைத் தடுக்கவில்லை. சந்திரன் ஒளி தந்தாலும் அது கதிரவனிடம் பெற்ற ஒளியன்றோ!

ஆகவே, மக்களருகே அதிகாரியை அனுப்புவது வேறு. அதிகாரத்தையே அளிப்பது வேறு. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோரின் வீடுகளில், அரசு அலுவலகப் படியேற இன்றும் தயங்குவார்கள். அவர்களுக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். வாக்குக் கேட்டு வந்தவரோ மீண்டும் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும். ஆட்சி ஒற்றையாயினும் கூட்டாயினும், கேள்வி கேட்கும் உரிமை கடைக்கோடி மனிதனுக்கும் எட்டுவதே மக்களாட்சி.