புதிய ஏழு சீட்டர் வரப்போகிறதா? ஓசூர், கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஓசூரில் ஒரு புதிய காரைப் பற்றிய பேச்சு, கார் ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிடும். சிப்காட்டில் யாராவது ஒருவர் அந்த வண்டிக்கான பாகத்தைக் கையில் எடுத்திருப்பார். கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரால் மூடிய சோதனை வண்டி பெங்களூரு சாலையில் போனதை இன்னொருவர் பார்த்திருப்பார். வரப்போவது தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஏறக்கூடிய குடும்ப வண்டி, அதுவும் எஸ்.யூ.வி. தோற்றத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். இருக்கிற காரை எப்போது கொடுக்கலாம் என்ற கணக்கு அன்றைக்கே வீட்டில் தொடங்கிவிடும்.

இந்தக் காத்திருப்புக் காலம் மிகவும் பயனுள்ளது. முன்பணம் கட்டாதவரை முடிவு முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. கட்டிய பிறகு தேதியையும் நிறத்தையும் வேரியன்ட்டையும் மற்றவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். ஆகவே கார் வருவதற்குள் உங்கள் குடும்பத்தின் தேவையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. ஏழு பேரும் சேர்ந்து போகும் நாட்களை எண்ணுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஒருவர் மட்டும் போய்வரும் வண்டி, ஆண்டில் பெரும்பகுதி ஆறு காலி சீட்டுகளோடுதான் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைக் கடக்கும். பொங்கலுக்குச் சொந்த ஊர், குலதெய்வம் கோயில், ஒரு ஏற்காடு பயணம் என்று மூன்று நான்கு முறைதான் எல்லாரும் சேர்ந்து போகிறீர்கள் என்றால், ஐந்து சீட் காரும் அந்த நாட்களுக்கு ஒரு வாடகை இன்னோவாவும் போதும். அப்பா அம்மா உங்களோடு இருக்கிறார்கள், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கோ உறவினர் வீட்டுக்கோ சேர்ந்து போகிறீர்கள் என்றால் மூன்றாவது வரிசைக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

2. பெரியவர்களைக் கடைசி சீட்டில் ஏற்றிப் பாருங்கள். புதிய வண்டி வராவிட்டால் என்ன, அதன் போட்டி வண்டிகள் ஷோரூமில் நிற்கின்றனவே. அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். நடு சீட்டை மடித்ததும் கிடைக்கும் இடைவெளியில், புடவை கட்டிய ஒருவர் காலை எங்கே வைப்பார், கையால் எதைப் பிடிப்பார், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கவனியுங்கள். உட்கார்ந்ததும் நடு சீட்டில் இருப்பவர் தனக்கு வசதியாகச் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளட்டும். பின்னால் இருப்பவரின் கால் நிலைமை அப்போதுதான் தெரியும். முழங்கால் இடுப்புக்கு மேலே தூக்கி நின்றால் தர்மபுரி தாண்டுவதற்குள் முதுகு வலி வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடாமல் இருபது நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். ஏசி காற்று கடைசி வரிசைக்கு வந்து சேர்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

3. டிக்கியை, எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஏழு பேர் உட்கார்ந்தபின் ரெனோ ட்ரைபரில் மிஞ்சும் இடம் 84 லிட்டர். எர்டிகாவில் 209, கியா கேரன்ஸில் 216. ட்ரைபரின் கடைசி சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டால் இடம் 625 லிட்டராக விரிகிறது, ஆனால் அப்போது ஐந்து பேர்தான் போகலாம். விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் முன்னால் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சின்ன எண்ணை. மாம்பழ சீசனில் ஊருக்கு எடுத்துப்போகும் கூடையும் இரண்டு துணிப்பைகளும் அதில் அடங்குமா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

4. ஆட்களை நிரப்பி, ஏசி போட்டு, ஏற்றத்தில் ஓட்டுங்கள். விற்பனையாளரும் நீங்களும் மட்டும் சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று போய்வருவதில் ஒன்றும் தெரியாது. ஓசூரிலேயே சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைப்பாதை இருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். ட்ரைபரின் ஒரு லிட்டர் எஞ்சின் 72 குதிரைத்திறன் தருவது. நகருக்குள் அது போதும். ஏழு பேரோடு மலை ஏறும்போது எப்படி இழுக்கிறது என்பதை நீங்களே உணர வேண்டும். இறக்கமும் அதே அளவு முக்கியம். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கியே ஆக வேண்டும். நிறைசுமையோடு தாழ்ந்த கியரில் வண்டி அடங்கி இறங்குகிறதா, பிரேக் மீது நம்பிக்கை வருகிறதா என்று பாருங்கள்.

5. பத்து லட்சம் என்ற கோட்டை நினைவில் வையுங்கள். 2023 நவம்பரில் மாற்றிய தமிழக சாலை வரி விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். வரிக்கு எடுத்துக்கொள்ளும் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். அதுவே 10.10 லட்சமானால் 1,81,800 ரூபாய். விலையில் 20,000 ரூபாய் கூடியதற்கு வரியில் 53,100 ரூபாய் கூடிவிடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்றும் பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியின் நீளத்துக்கும் விலை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம். ட்ரைபர் நான்கு மீட்டருக்குள் நிற்பதற்கு இப்படிப்பட்ட வரிக் கணக்குதான் காரணம். அறிவிப்பு வந்ததும் முதலில் நீளத்தையும் எஞ்சின் அளவையும் பாருங்கள்.

6. வண்டி எங்கே இருக்கப்போகிறதோ அந்த மாநிலத்தில் பதிவு செய்யுங்கள். எல்லையில் வாழ்கிற நமக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வேலை பெங்களூரில், வீடு ஓசூரில் என்றால் எந்த எண் வாங்குவது என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். குடியிருக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் ஊரை வைத்துப் பதிவு செய்யச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவு. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. கர்நாடகத்தில் வரி குறைவு என்ற எண்ணமும் வேண்டாம். அங்கே 10 முதல் 20 லட்சத்துக்கு 17 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் வேறு. பெங்களூரு ஷோரூமில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து டி.என்.70 எண் வாங்கிக்கொள்ளலாம். அதற்கான காகிதங்களை டீலர் தருவாரா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

7. விபத்துச் சோதனை மதிப்பெண் வரும்வரை பொறுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை கட்டாயமானதல்ல, நிறுவனம் விரும்பினால்தான். ஆகவே புதிய வண்டி சோதனைக்குப் போயிருக்கிறதா என்று கேட்பது நம் பொறுப்பு. கடைசி வரிசைக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா, குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்த சீட்டில் இருக்கின்றன என்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட் இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், பிள்ளையின் உயிர் பெரிது.

8. பழைய வண்டியின் காகிதங்களை இப்போதே சரிசெய்யுங்கள். கர்நாடகப் பதிவு வண்டியாக இருந்தால் தடையில்லாச் சான்று, கடன் முடிந்திருந்தால் வங்கியின் ஒப்புதலோடு ஹைப்போதிகேஷன் நீக்கம், பழைய ஃபாஸ்டேக் கணக்கு முடிப்பு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

செய்யக்கூடாதவை

1. விலை தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள். கியா கேரன்ஸை 2021 டிசம்பர் 16இல் காட்டினார்கள். 2022 ஜனவரி 14இல் புக்கிங் தொடங்கியது. விலை தெரிந்தது பிப்ரவரி 15இல். 2025 மே மாதம் கேரன்ஸ் கிளாவிஸ் வந்தபோதும் புக்கிங் முன்னால், விலை பின்னால். இதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். கட்டியே ஆக வேண்டும் என்றால், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

2. முதல் தொகுதிக்காக அடித்துக்கொள்ளாதீர்கள். அறிமுக விலை சீக்கிரம் ஏறும் என்பது உண்மை. கேரன்ஸ் 8.99 லட்சத்தில் வந்து, 2022 ஏப்ரலிலேயே ஏறியது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், காற்றுப்பை மென்பொருளைச் சரிபார்க்க 44,174 கேரன்ஸ் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. இலவசமாகச் செய்துகொடுத்தார்கள் என்றாலும், அதுவரை குடும்பம் அந்த வண்டியில்தான் போய்வந்தது. அவசரத் தேவை இல்லாதவர்கள் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

3. தமிழ்நாட்டில் செய்தது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரகடத்தில் உருவான ரெனோ லாட்ஜி 2015இல் வந்தது, 2020இல் போய்விட்டது. அதே ஒரகடத்தின் டட்சன் கோ பிளஸும் 2015இல்தான் வந்தது. 2022 ஏப்ரலில் அந்தப் பிராண்டையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு உற்பத்தியை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. நம் ஊர் உழைப்பின் மீது பெருமை இருக்கட்டும். ஆனால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வீஸ் சென்டர் உண்டா, பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்பதை ஏற்கெனவே அந்த நிறுவன வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

4. தோற்றத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எர்டிகாவின் அடித்தளத்தில் முகத்தை நிமிர்த்தி, பக்கங்களில் கறுப்புப் பட்டை சேர்த்து, நடுவில் இரண்டு தனி சீட் போட்டு 2019இல் எக்ஸ்.எல்.6 வந்தது. நல்ல வண்டிதான், ஆனால் கறுப்புப் பட்டையால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வேகத்தடைகள் தாழ்ந்துவிடாது. ஏழு பேர் ஏறியதும் எந்த வண்டியும் அமுங்கும். காலி வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

5. ஓ.டி. பணத்தை நம்பி இ.எம்.ஐ. போடாதீர்கள். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் முதலில் நிற்கும் என்பது சிப்காட்டில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். பத்து லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 20,760 ரூபாய். ஏழு ஆண்டாக இழுத்தால் 16,090 ரூபாய்தான், ஆனால் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் வட்டி. போனஸ் வந்தால் முன்பணத்தில் சேருங்கள், மாதத் தவணையில் சேர்க்காதீர்கள்.

6. ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பார்க்காமல் எடுக்காதீர்கள். நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் போய் வண்டியைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி சீட்டுகளை ஒருமுறை மடித்து நிமிர்த்துங்கள்.

7. ஆன்ரோடு விலைத் தாளில் புரியாத வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஹேண்ட்லிங் கட்டணம் எதற்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் ஒரு விலை வாங்கி வைத்துக்கொண்டு பேசினாலே தொகை குறையும்.

8. வேலை செய்யும் இடத்தில் பார்த்த பாகத்தைப் படமெடுத்துப் பகிராதீர்கள். வெளிவராத வண்டியின் டேஷ்போர்டோ விளக்கோ வாட்ஸ்அப்பில் போனால், எங்கிருந்து போனது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. உங்கள் வேலைக்கும், கம்பெனியின் அடுத்த ஆர்டருக்கும் ஆபத்து. வீட்டுப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒரு தாளில் ஐந்தை மட்டும் எழுதி வையுங்கள்: மாதம் கட்டக்கூடிய தொகை, ஆன்ரோடு உச்சவரம்பு, கடைசி சீட்டில் உட்காரப்போகிறவர் பெயர், டிக்கியில் ஏற வேண்டிய சாமான், சர்வீஸ் சென்டரின் தூரம். புதிய வண்டி இந்த ஐந்துக்கும் பொருந்தினால் தயங்காமல் வாங்குங்கள். பொருந்தாவிட்டாலும் நஷ்டமில்லை. புதியது வந்த மாதத்தில் அதன் போட்டி வண்டிகளுக்குத் தள்ளுபடி கிடைக்க வாய்ப்பு அதிகம். தேவையைத் தெரிந்து வைத்திருப்பவரால்தான் அந்த நேரத்தில் நல்ல விலை பேச முடியும்.