முதுகில் நகரும் எலும்பு

அண்ணாவையோ அக்காவையோ திரும்பி நிற்கச் சொல். முதுகின் மேல்பக்கத்தில், தோளுக்குக் கீழே உன் உள்ளங்கையை வை. முக்கோணமாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் தோள்பட்டை எலும்பு.

"இப்போ கையைப் பக்கவாட்டில் மெதுவா மேலே தூக்கு" என்று சொல். அட, எலும்பு நகருதே! அதன் கீழ்முனை விலா எலும்புகளின் மேல் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் போகும்.

கை காதருகே வரும்போது ஏறக்குறைய 180 பாகை உயர்ந்திருக்கும். அதில் சுமார் 120 பாகைதான் தோள் மூட்டின் வேலை. மீதி 60 பாகை இந்த எலும்பு திரும்புவதால் கிடைக்கிறது. தசைகள்தான் அதை இழுத்துத் திருப்புகின்றன.

நீயும் கூனிக்கொண்டு உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார். முழுசா வராது! முதுகு வளைந்தால் அந்த எலும்பு சரியாகத் திரும்பாது. நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடியும் தூக்கு. இப்போ எதுவரை போகுது?