வால்பாறை மலைச் சாலை: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது?

“எழுபது வயது தாண்டிய அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். சொந்தக் காரில் முதல் முறையாக வால்பாறை போகிறோம். கையில் இரண்டு நாள் இருக்கிறது. வழியில் என்னென்ன பார்க்கலாம்? என்ன வசதி இருக்கிறது?”

பள்ளி விடுமுறை நெருங்கினாலே பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் உறவினரும் நண்பர்களும் கேட்கும் கேள்வி இது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் தந்துவிடலாம். இந்தச் சாலைக்கு அது மட்டும் போதாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அதில் ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். மலை வழியின் பெரும்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. நினைத்த இடத்தில் கதவைத் திறந்து இறங்கக் கூடிய சாலை இல்லை இது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால் பயணம் தானாக நன்றாக அமையும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

வெளியூரிலிருந்து வரும் வாகனங்களுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் முன்பே வந்த அதே ஏற்பாடுதான். வீட்டிலேயே பதிவு செய்து கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு பதிவு செய்ய முயன்றால் காலைப் பொழுது அங்கேயே கரைந்துவிடும்.

பெட்ரோல், பணம், மருந்து மூன்றையும் பொள்ளாச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் அன்றாட மாத்திரைகளை இரண்டு நாளுக்குப் பதில் நான்கு நாளுக்கு எடுத்துவையுங்கள். மழையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ சாலை அடைபடுவது இங்கே புதிதில்லை. வால்பாறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் இறங்கி வர வேண்டும். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்களை அழைத்துப் போகும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வரும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் வரும், வெறும் வயிற்றோடு போனாலும் வரும். இரண்டு இட்லி போதும். கைப்பேசியைப் பார்க்க விடாமல் ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

காலை ஏழு மணிக்குள் பொள்ளாச்சியை விட்டுவிடுவது நல்லது. காலையில் ஏறினால் வெயில் சாயும் முன் எல்லா இடத்திலும் நிதானமாக நின்று போகலாம். மதியத்துக்கு மேல் கிளம்பினால் மூடுபனியும் இருட்டும் காட்டுக்குள்தான் உங்களைப் பிடிக்கும்.

முதல் நிறுத்தம்: ஆழியாறு

பொள்ளாச்சியிலிருந்து கோட்டூர், அங்கலக்குறிச்சி வழியாகத் தென்னந்தோப்புகளைத் தாண்டினால் ஆழியாறு. 120 அடி உயர அணை, அதன் கீழே பூங்கா. பொரித்த மீன் விற்கும் கடைகளும் உண்டு. எண்ணெயில் பொரித்ததை ஏறும்போது சாப்பிட வேண்டாம். இறங்கி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிறுத்தத்தின் முக்கியமான வேலை வேறு. கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் அனைவரும் இங்கே போய்விட வேண்டும். அம்மா “இப்போது வேண்டாம்” என்றுதான் சொல்வார்கள். வழியில் வசதி இருக்காது என்று எடுத்துச் சொல்லி அழைத்துப் போங்கள். இதற்கு மேலே நெடுந்தூரம் காடு. ஒதுங்குவதற்காகப் புதருக்குள் போவது யாருக்கும் பாதுகாப்பில்லை. பெண்களும் முதியவர்களும் தண்ணீர் குடிக்காமலேயே மலையேறி, மேலே போய்த் தலைவலியோடு படுத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கட்டும், இங்கே நின்று போகட்டும்.

நேரம் இருந்தால் பிள்ளைகளுக்கு அணையைக் காட்டி ஒரு விஷயம் சொல்லுங்கள். வால்பாறைப் பக்கம் இருக்கும் நீராறு, சோலையாறு ஆகிய ஆறுகள் இயல்பாக மேற்கே ஓட வேண்டியவை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் அவற்றின் நீரை அணையிலிருந்து அணைக்கு, சுரங்கம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கிழக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் வழியெல்லாம் பார்த்த தென்னைக்குப் பாயும் நீரில் அந்த மலைமேல் மழையும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஏறும் பிள்ளைக்கு ஒவ்வொரு அணையும் தொடர்கதையின் ஓர் அத்தியாயம்.

கவியருவி

அடிவாரச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வருவது குரங்கு அருவி. இப்போது கவியருவி என்கிறார்கள். கவி என்றாலும் குரங்குதான். வனத்துறை நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வெள்ளம் வரும்போதும் நீர் வற்றும்போதும் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் வேறு வழியாக இறங்கப் பார்க்காதீர்கள். மேலே காட்டில் பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும்.

குரங்குகள் பையைப் பறிக்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், கார்க் கண்ணாடியைத் திறந்து வைக்காதீர்கள். பாவம் என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தால், அந்தக் குரங்கு நாளை அடுத்த காருக்காகச் சாலையில் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தில் சிக்குவது அப்படித்தான்.

ஒன்பதாவது வளைவு

ஒவ்வொரு வளைவுக்கும் எண் பலகை இருக்கிறது. எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒன்பதாவது வளைவில் இருப்பது லோம்ஸ் காட்சிமுனை. இந்தச் சாலையை அமைத்த பொறியாளர் லோமின் பெயரைத் தாங்கியது. கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும். அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி விரிந்து கிடக்கும். இந்த ஏற்றத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தித் தாராளமாகப் பார்க்க ஏற்ற இடம் இதுதான். அம்மாவால் அதிகம் நடக்க முடியாவிட்டாலும் கவலையில்லை, இறங்கிய இடத்திலிருந்தே பார்க்கலாம்.

சுற்றியுள்ள பாறைச் சரிவுகளை நன்றாகக் கவனியுங்கள். பாறையின் நிறத்திலேயே ஒன்று அசையும். அது வரையாடு, நம் மாநில விலங்கு. 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1031தான் இருந்தன. இங்கே அவை சாலையோரம்கூட வந்து நிற்கும். மனிதரைக் கண்டு மிரளாது என்பதற்காக அருகே போய்த் தொடுவதோ, உணவு நீட்டுவதோ, குட்டியோடு படம் எடுக்க நெருங்குவதோ குற்றம். பத்து மீட்டர் தள்ளி அமைதியாக நில்லுங்கள், அது பாட்டுக்கு மேயும். பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

நிற்கக் கூடாத நீளம்

ஒன்பதாவது வளைவைத் தாண்டியபின் அட்டகட்டி, வாட்டர்ஃபால்ஸ், கவர்க்கல் என்று சாலை காட்டுக்குள்ளும் தேயிலைக்குள்ளும் மாறி மாறிப் போகும். கவர்க்கல்லில் பனி மூடினால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிடுங்கள். உயர்த்தினால் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசும்.

இந்தப் பகுதியில் யானை, காட்டெருமை, சிறுத்தை எல்லாம் சாலையைக் கடக்கும். யானை நிற்பது தெரிந்தால் நல்ல தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், கடந்து போக முயலாதீர்கள். 2025 பிப்ரவரியில் டைகர் வேலி பகுதியில் யானை நின்றதைப் பார்த்து மற்றவர்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பைக்கில் கடந்து போக முயன்ற ஜெர்மனியைச் சேர்ந்த பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். அரை மணி நேரக் காத்திருப்பு காட்டுக்கு நாம் கொடுக்கும் மரியாதை. நம் உயிருக்கும் அதுவே காப்பு.

மலைச் சாலையின் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவில் பேருந்து திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டும். நீங்கள் வளைவுக்கு முன்னாலேயே நின்று, ஓட்டுநர் கை காட்டியபின் நகருங்கள்.

ரொட்டிக்கடையும் புதுத்தோட்டமும்

ரொட்டிக்கடை என்று ஊருக்கே பெயர். காடு முடிந்து ஆள் நடமாட்டம் தெரியத் தொடங்கும் இடம். ஒரு தேநீருக்கு நிறுத்தலாம். காலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்க ஆசை இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். நிறுவைக்கு எத்தனை கிலோ சேர வேண்டும் என்ற கணக்கில் வேலை செய்கிறவர்கள் அவர்கள், அவர்களுடைய நேரத்துக்கு விலை உண்டு.

வால்பாறைக்குச் சற்று முன் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே தெரியும். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். மரத்திலேயே வாழும் பிராணி தரைக்கு இறங்கி வந்திருக்கிறது என்றால், மரத்துக்கு மரம் போகும் வழியை நாம் அறுத்துவிட்டோம் என்று பொருள். அதற்காகவே சாலைக்கு மேலே கிளைகளை இணைத்துத் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். இங்கே வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

தங்கும் இரவு

அம்மாவும் பிள்ளைகளும் உடன் வருவதால் நகரத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். எஸ்டேட்டின் உட்புறத்தில் தனியாக நிற்கும் வீடு படத்தில் அழகாக இருக்கும். ஆனால் இரவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யானை நடமாட்டத்துக்கு நடுவே வண்டி எடுக்க வேண்டி வரும். பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மருத்துவமனை எவ்வளவு தூரம், வாசல் வரை கார் வருமா, இரவில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்குமா.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் காடு. யானைகள் வருவதை மக்களுக்குத் தெரிவிக்க உயரத்தில் சிவப்பு விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள். யானை அருகில் இருந்தால் விளக்கு எரியும், கைப்பேசிகளுக்குத் தகவலும் போகும். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளூர் மக்களோடு சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எரியாவிட்டாலும் இருட்டியபின் நடக்கப் போக வேண்டாம். பிள்ளைகளை வாசலில் தனியாக விளையாட விடவே கூடாது, தேயிலைச் செடிக்குள் சிறுத்தை பதுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் காலை

எல்லா இடத்துக்கும் ஓடாதீர்கள். ஒரு மலைமுனை, ஓர் ஆறு போதும். நல்லமுடி பூஞ்சோலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வானம் தெளிந்திருந்தால் பள்ளத்தாக்கைத் தாண்டி 2695 மீட்டர் உயர ஆனைமுடி வரை தெரியும். நேரமானால் பனி மேலேறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முடியாவிட்டால், ஒருவர் அவரோடு காரிலேயே இருக்கலாம்.

கூழாங்கல் ஆறு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஓரத்தில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் வால்பாறை அருகே ஆற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அமைதியாகத் தெரியும் நீரில்தான் சுழலும் பள்ளமும் இருக்கின்றன. மழை மாதங்களில், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆற்றின் பக்கமே போக வேண்டாம். அந்தப் பருவத்தில் சின்னக்கல்லாறு போன்ற இடங்கள் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறுபவை. அட்டைக் கடியும் அப்போதுதான்.

சாலக்குடிச் சாலையில் அதிரப்பள்ளி வரை போய்விட்டு வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாலை அழகானது. ஆனால் நீண்ட காட்டு வழி, சோதனைச் சாவடிகளில் நேரக் கட்டுப்பாடும் இருக்கிறது. அம்மாவோடு இரண்டு நாள் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். இன்னொரு முறை, இன்னொரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.

இறங்கும்போது

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இருக்கிறார்கள், அது தற்கொலைக்குச் சமம். தானியங்கி கியர் வண்டியானால் தாழ்ந்த கியரில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கும், அதைக் கிளம்பும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் கருகிய வாசனை வந்தது, பெடல் மெத்தென்று உள்ளே போனது. அகலமான ஓரம் ஒன்று கிடைத்ததால் நிறுத்தினேன். சக்கரம் ஆறும் வரை பின் இருக்கையில் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இந்தச் சாலையில் எனக்கு அவசரம் என்பதே கிடையாது.

பிற்பகல் மூன்று மணிக்குள் வால்பாறையை விட்டுவிட்டால் வெளிச்சத்திலேயே ஆழியாறு வந்துவிடலாம். தள்ளிவைத்த பொரித்த மீனை இப்போது வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஏறும்போது காரில் வைத்த குப்பைப் பையை எடுக்கச் சொல்லுங்கள். தின்பண்ட உறை, தண்ணீர்ப் புட்டி, வாந்தி எடுத்த காகிதம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால் அது மேலே ஒரு வரையாட்டின் வயிற்றுக்கோ குரங்கின் கைக்கோ போயிருக்கும். பை நிறைந்து கீழே வந்திருந்தால், அடுத்த முறை ஒன்பதாவது வளைவில் நிற்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.