இராப்போஜனம் என்ற சொல்

திருவிருந்தை நம் பெரியவர்கள் ‘இராப்போஜனம்’ என்பார்கள். ஆராதனை நடப்பதோ ஞாயிறு காலையில். பின் ஏன் ‘இரா’ என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

ஜெர்மன் மொழியிலும் இதே புதிர் உண்டு. அங்குள்ள சீர்திருத்த சபையார் இச்சடங்கை ‘ஆபென்ட்மால்’ என்கின்றனர். ‘ஆபென்ட்’ என்றால் மாலை. ‘மால்’ என்றால் உணவு. நமுனுகுல என்ற பெயரில் ஒன்பதும் சிகரமும் சேர்ந்திருப்பதுபோல, இங்கும் இரு சொற்கள் ஒன்றாகியுள்ளன. முன்னே அது வீட்டில் உண்ணும் மாலைச் சாப்பாட்டைத்தான் குறித்தது. 1522இல் மார்ட்டின் லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டபோது, பவுல் எழுதிய ‘டெய்ப்னொன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு இந்த வீட்டுச் சொல்லையே எடுத்தார். நாளின் பெரிய உணவு, பொழுது சாய்ந்தபின் உண்பது என்பதே கிரேக்கச் சொல்லின் பொருள். இன்று ஜெர்மானியர் இரவுச் சாப்பாட்டுக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்; பழைய சொல் திருச்சடங்குக்கே நின்றுவிட்டது.

லூத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியரான சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நமது பழைய வேதாகமத்தில் உள்ள இராப்போஜனமும் அதே அமைப்புடைய சொல்தான். கத்தோலிக்க சகோதரர் சொல்லும் ‘நற்கருணை’ வேறு வழியில் வந்தது.

இச்சொல் வரும் இடத்தைத் திறந்து பாருங்கள்: 1 கொரிந்தியர் 11:20. அது ஒரு கண்டனம்! கொரிந்து சபையில் சடங்கு உண்மையான சாப்பாட்டோடு நடந்தது. வசதியுள்ளவர் முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர் பசியோடு நின்றார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்த எளியவர்களே அவர்கள் என்று பலர் விளக்குகிறார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டில் லயத்துக்கு வரும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தத் தவறு கொரிந்தோடு போய்விடவில்லை. தஞ்சைப் பகுதிச் சபைகளில் ஒரு சாதியார் முதலில், மற்றவர் பிறகு என்று இராப்போஜனம் பெற்றார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமையை உடனே விடும்படி கட்டளை அனுப்பினார். பலர் அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகினார்கள். சேர்ந்து உண்பது அவர்களுக்கு அத்தனை கடினமாயிருந்தது.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவுக்குப்பின் பாடசாலைகளில் தங்கிப் பொதுச் சமையலில் உண்டவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். குழுவாகக் கூடும்போது 17 முதல் 34 வரையுள்ள வசனங்களை அவர்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வரிசையில் கடைசியில் நின்றவர் யார், அவருக்கு என்ன மிஞ்சியது என்பதையும் கேளுங்கள்.