காயோத்சர்க்கமும் 27 மூச்சுகளும்

காயோத்சர்க்கம் என்பது காயம், உத்சர்க்கம் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை. காயம் என்பது உடல். உத்சர்க்கம் என்பது விடுதல். உடலை விடுதல் என்றால் உயிரை நீத்தல் அன்று. "இவ்வுடல் எனது" என்னும் பற்றினை ஒரு கால அளவுக்கு விட்டு, அசையாது நிற்றல். துறவியர்க்குரிய ஆறு ஆவசியகங்களுள் இஃது ஒன்று. இல்லறத்தாராகிய நாம் சாமாயிகத்திலும் ஜின வந்தனையிலும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை மனத்துள் ஓதி இதனைச் செய்து வருகிறோம்.

செய்து வருகிறோம் என்று எழுதிவிட்டோம். ஆயினும் ஒன்பது மந்திரமும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. நம் முன்னோர் வைத்த அளவு இதுவன்று. வட்டகேரர் அருளிய மூலாசாரம் காயோத்சர்க்கத்தை மூச்சினால் அளக்கிறது. பகற்பொழுதின் பிரதிக்கிரமணத்திற்கு 108 மூச்சு, இரவினதற்கு 54, பட்சத்திற்கு 300, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை செய்வதற்கு 400, ஆண்டுக்கு ஒருமுறை செய்வதற்கு 500. நூலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், வந்தனையின்போதும் 27. ஒரு மந்திரத்திற்கு மூன்று மூச்சு எனக் கொண்டால் ஒன்பது மந்திரத்திற்கு 27 மூச்சு வரும். ஒன்பது என்னும் எண் பிறந்தது மூச்சிலிருந்து. மூச்சை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது, படியை வைத்துக்கொண்டு நெல்லை மறந்தது போலாகும்.

அமைதியாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 15 என்றே வைத்துக்கொள்வோம். 27 மூச்சுக்கு 1 நிமிடம் 48 விநாடி ஆகும். மூச்சு மெதுவானால் நேரம் இன்னும் நீளும். அரை நிமிடத்தில் 27 மூச்சு என்பது ஓடி வந்தவர்க்கும் அரிது!

இனி முறையைக் காண்போம். அருகரை வணங்குவது மூச்சு உள்ளே வரும்போது; சித்தரை வணங்குவது அது வெளியே செல்லும்போது. இஃது ஒரு மூச்சு. ஆசாரியரை உள்மூச்சிலும் உபாத்தியாயரை வெளிமூச்சிலும் வணங்குவது இரண்டாவது. ஐந்தாம் வணக்கத்தை இரு கூறாக்கி, உலகத்திலுள்ள என்பதை உள்மூச்சிலும், சாதுக்கள் அனைவரையும் என்பதை வெளிமூச்சிலும் வைப்பது மூன்றாவது. உதடும் நாவும் அசைய வேண்டியதில்லை. யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், செய்யுளை வகுப்பில் படித்துக் காட்டுமுன் மூச்சு நிறுத்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். மந்திரத்திற்கு அந்த இடங்களை முன்னோரே குறித்து வைத்துவிட்டனர்.

எண்ணிக்கை தவறுகிறதே என்பர். விரல் விட்டு எண்ணுதல் கூடாது. அங்குலி என்று அதுவும் குற்றப் பட்டியலில் உள்ளது. இதயத்தில் எட்டிதழ்த் தாமரை ஒன்றைக் கருதி, இதழுக்கு ஒரு மந்திரமும் நடுவில் ஒன்றும் வைத்தால் ஒன்பது முடிந்துவிடும். சாமாயிகத்தின் ஐந்து அதிசாரங்களுள் மறதியையும் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கூறியிருப்பதை நோக்குக. மறப்பது எளிது என்பதை உமாசுவாமியார் அறிந்திருந்தார்.

நிற்கும் நிலைக்குச் சிரவணபெளகொள விந்தியகிரியில் 57 அடி உயரம் நிற்கும் பாகுபலி பகவானை நோக்கினாலே போதும். போளூரையடுத்த திருமலையின் நேமிநாதரும் அந்நிலையில்தான் நிற்கிறார். இரு பாதங்களுக்கும் இடையே நான்கு விரற்கடை. கைகள் தளர்ந்து தொங்க வேண்டும். உடல் நிமிர்ந்திருக்க வேண்டும், விறைத்திருக்கக் கூடாது. இதில் நேரும் 32 குற்றங்களைக் கூறுமிடத்து முனிவர்கள் காட்டும் உவமைகளைப் படித்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிடுவர். ஒரு காலைத் தளர்த்தி நிற்பது குதிரை, அசைந்தாடுவது கொடி, கண்ணை அங்குமிங்கும் உருட்டுவது காக்கை, முட்டியை இறுக்கிக்கொள்வது விளாம்பழம் பிடித்தவன் நிலை. தூணில் சாய்தல், சுவரில் சாய்தல், தலையாட்டல், புருவம் நெரித்தல், கள்ளுண்டவன்போல் தள்ளாடுதல் யாவும் குற்றமே. பிள்ளைகளுக்கு இப்பட்டியலிலிருந்தே கற்பிக்கலாம். "நேராக நில்" என்பதைவிட "குதிரை ஆகாதே" என்பது விரைவில் பதிகிறது.

முழங்கால் வலியால் நிற்க இயலாத மூத்தோர் வருந்த வேண்டியதில்லை. மூலாசாரம் காயோத்சர்க்கத்தை நான்காக வகுக்கிறது: உடலும் மனமும் எழுந்து நிற்பது, உடல் நிற்க மனம் உட்கார்ந்திருப்பது, உடல் உட்கார மனம் எழுந்து நிற்பது, இரண்டும் உட்கார்ந்துவிடுவது. கோயிலில் நின்றுகொண்டே அடுப்பில் வைத்த பாலை நினைப்பவரைவிட, நாற்காலியில் அமர்ந்து 27 மூச்சையும் கவனித்த பாட்டியார் மேலானவர்.

சாமாயிகத்தில் உடலசைவுக்கும் இடமுண்டு. நான்கு திசைகளையும் நோக்கி, திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு ஆவர்த்தங்கள், அதாவது கூப்பிய கைகளை வட்டமாகச் சுழற்றுதல், திசைக்கொரு சிரவணக்கம். மெதுவாகச் செய்தால் தோளும் கழுத்தும் இறுக்கம் தளரும். விரைந்து செய்தால் ஈ ஓட்டுவதுபோல் தோன்றும்.

இவற்றால் உடலுக்கு நன்மை உண்டா என்று இளைஞர் கேட்கின்றனர். இத்தாலி நாட்டு ஆய்வாளர்கள் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. கிறித்தவரின் செபமாலைச் செபமும் பௌத்தரின் மந்திரமும் ஓதும்போது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வு சீரான ஒழுங்கு பெற்றதை அவர்கள் கண்டனர். நம் மந்திரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை; எனினும் மெதுவான மூச்சு எவர்க்கும் ஒன்றே. நீண்ட வெளிமூச்சில் இதயத் துடிப்பு தாழ்கிறது, மனமும் அடங்குகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உடற்பற்றை விடுவதற்கென வைத்த ஒன்றை உடல் நலத்திற்காகச் செய்யலாமா? பயனை வேண்டி நோன்பு நோற்பதை நம் ஆகமம் நிதானம் என்னும் சல்லியமாகக் கூறுகிறது. தமிழில் பதற்றமின்மையைக் குறிக்கும் சொல்லே அங்கே வேட்கையைக் குறிப்பது விந்தை. எம் கருத்து இது: நெல்லுக்கு உழுதவனுக்கு வைக்கோலும் கிடைக்கும், அதனை அவன் எறிந்துவிடுவதில்லை. வைக்கோலுக்காகவே உழுபவன்தான் இல்லை. நகரங்களில் கட்டணம் செலுத்தி மூச்சுப் பயிற்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளை யாம் குறை கூறவில்லை. வீட்டிலுள்ள களஞ்சியத்தையும் திறந்து பார்க்கட்டும் என்கிறோம்.

மூச்சை அடக்குதல் இம்முறையில் இல்லை, அடக்கவும் வேண்டா. இதய நோயாளரும் கருவுற்றோரும் இயல்பான மூச்சையே கவனித்தால் போதும். தலை சுற்றினால் உடனே அமர்க. குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவாகவே மூச்சு விடுவர். அவர்களை நம் அளவுக்கு இழுக்கலாகாது.

நடையிலும் இக்கவனம் உண்டு. நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, உயிர்கள் மிதிபடாமல் நடப்பது ஈரியா சமிதி. எறும்பும் பிழைக்கும், எழுபது வயதில் படி தடுக்கி விழுவதும் குறையும். துறவியர் ஊருக்குள் சென்று திரும்பினால் 25 மூச்சுக் காயோத்சர்க்கம் செய்ய வேண்டும் என்பது விதி. நாமும் கடைத்தெருவிலிருந்து வந்து கால் கழுவியதும், மின்விசிறியின் பொத்தானைத் தேடுமுன், கூடத்தில் நின்று அதைச் செய்யலாம். சுவரில் சாயாமல்.